எதிர்முனையில் கிளாரன்ஸ்

டென்சிலுக்கு உயரம் என்றால் ஆகாது. காக்ஸ் டவுனில் அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. சுதந்திரம் வந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு, சர்ச்சுக் கோபுரத்தில் காகித நட்சத்திரம் கட்டுவதற்காக வாலிபர் சங்கத்துப் பையன்களோடு அவனும் மூங்கில் ஏணியில் ஏறினான். அப்போது பதினேழு வயது. பாதி ஏறியதும் கீழே பார்த்தான். அவ்வளவுதான், கையும் காலும் ஏணியோடு ஏணியாக இறுகிப் போயின. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவன் அப்பா அப்பாதுரை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சேதி கேட்டு ஓடி வந்தவர், மகனுக்குக் கீழ்ப்படியில் நின்று, அவன் பாதத்தைக் கையால் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் பயிற்சியை விட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் அவனுக்கு 'நட்சத்திரம்' என்றே பட்டப்பெயர்.

பயம் உயரத்தோடு நின்றதில்லை. இடி இடித்தால் நடு அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். தெருநாய் படுத்திருந்தால் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போவான். அதற்காக அவன் வெட்கப்பட்டதும் இல்லை, மறைத்ததும் இல்லை. "எனக்கு பயமாருக்குப்பா, நீங்க போங்க" என்று நேராகச் சொல்லிவிடுகிற ஆள்.

ஆனால் நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் அவன் வேதபாடம் வாசித்தால் கடைசிப் பெஞ்சில் காது மந்தமானவர்கள்கூடத் தலையாட்டுவார்கள். கத்தமாட்டான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக வந்து நிற்கும்.

இருபத்தோராவது வயதில் சர்வே ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. வெளியே போகிற, பார்ட்டி என்று சொல்லும் அளவைக் குழுக்கள் அளந்து அனுப்புவதை வைத்து இங்கே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். தரைத்தளம், நாற்காலி, மேஜை, ஜன்னலுக்கு வெளியே ஒரு நாவல் மரம். இதைவிட என்ன வேண்டும்? பிரிஜெட்டைக் கல்யாணம் செய்துகொண்டான், சைக்கிள் வாங்கினான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கமே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

அறுபத்தொன்றில் அந்தப் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

அதுவரை தூரத்தை அளப்பது என்றால் உலோக நாடாவைத் தரையில் இழுத்துப் பிடித்து நகர்ந்துகொண்டே போக வேண்டும். குறுக்கே ஏரி வந்தால் தொல்லை, தோப்பு வந்தால் தொல்லை. புதுக் கருவிக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு பெட்டி. ஒன்றை இந்தக் குன்றின் மேல் வைத்தால் இன்னொன்றைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறொரு குன்றின் மேல் வைக்க வேண்டும். இங்கிருந்து ரேடியோ அலை போய் அங்கே தொட்டுத் திரும்பும். போய் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கொண்டு தூரம் தெரிந்துவிடும். பெட்டியின் முகத்தில் சின்ன வட்டக் கண்ணாடி, அதில் பச்சை வெளிச்சத்தில் ஒரு வளையம், வளையத்தில் ஒரு வெட்டு. வெட்டு எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ அதைப் படிக்க வேண்டும். டெல்லூரோமீட்டர் என்று பெயர். ஆபீசில் யார் வாயிலும் அது முழுசாக நுழையாமல் 'டெல்லூர் பெட்டி' ஆகிவிட்டது.

இதில் ஒரு விசேஷம், இரண்டு பெட்டியிலும் டெலிபோன் மாதிரி ஒரு ரிசீவர் உண்டு. இந்த முனைக்காரன் "இப்போ பி போடு, இப்போ சி போடு" என்று சொல்லச் சொல்ல, அந்த முனைக்காரன் சுவிட்சை மாற்ற வேண்டும். இரைச்சலுக்கு நடுவே பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் எல்லாம் குளறுபடி. அதற்கு ஆள் தேடியபோது, பார்ட்டியின் அதிகாரி சீனிவாசராகவன் ஒவ்வொரு குமாஸ்தாவையும் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். டென்சில் பாதிப் பக்கம் வாசிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போறும். உம்ம குரல்தான் எனக்கு வேணும். மாஸ்டர் பெட்டி, உத்தரவு போடற பெட்டி, உம்மோடது."

"சார், எனக்கு உயரம்னா..."

"உயரத்துக்கென்ன? அதைப் பெட்டி அளந்துக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர்முனைக்குக் கிளாரன்ஸ். டென்சிலின் தங்கை ஜோசஃபினுக்கு அந்த வருஷம் ஜனவரியில்தான் அவனோடு கல்யாணம் ஆகியிருந்தது. அதே ஆபீசில் வரைபடப் பிரிவில் இருந்தவன். நாற்காலியில் அரை மணி சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. மலை ஏற ஆள் வேண்டும் என்றதும் தானாகவே போய்க் கையைத் தூக்கினான். "அவரு பாறையப் பாத்தா ஆடு மாதிரி தாவுவாரு. நீதாண்ணே பாத்துக்கணும்" என்றாள் ஜோசஃபின். டென்சில் சரி என்றான். நாலு காதம் தள்ளி இருப்பவனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

வேலை தொடங்கிய பிறகு டென்சில் காலையில் எதுவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். சாப்பிட்டால் தங்காது. ஜீப் டிரைவர் சின்னப்பா நல்லவன். டென்சில் இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியைத் தன் தோளில் சுற்றிக்கொண்டு, பின்னாலேயே ஏறுவான். மேலே போனதும் கயிற்றைக் கம்பியில் முடிந்துவிட்டு இறங்கிப் போவான். ரிசீவரை எடுத்தால் கிளாரன்ஸ் ஏற்கெனவே காத்திருப்பான்.

"மச்சான், மேல வந்துட்டியா? கீழ பாக்காத. என் பக்கம் பாரு."

அவன் பக்கம் பார்த்தால் தூரத்து மங்கலில் ஒரு நீலக்கோடுதான் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டதும் டென்சில் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துச் சுவிட்சுக்குக் கொண்டுபோவான். பேச ஆரம்பித்துவிட்டால் குரலில் பயமே தெரியாது. சீனிவாசராகவனுக்குக் கடைசிவரை அவன் பயந்தாங்கொள்ளி என்று நம்பிக்கை வரவில்லை.

இப்படியே மழைக்காலம் போயிற்று, பனிக்காலம் போயிற்று. மறு வருஷம் ஏப்ரலில் தொம்மலூர் மேட்டில் புதிதாகக் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் டென்சிலின் பெட்டி. கிளாரன்ஸும் சாமான் தூக்கும் கலாசி நாணுவும் ஆனேக்கலுக்கு அப்பால் ஒற்றைப் பாறையாக நிற்கும் ஒரு குன்றின் மேல். சின்னப்பா விடியற்காலையில் அவர்களைக் கொண்டுபோய் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து டென்சிலை ஏற்றினான்.

பகல் ஏற ஏறத் தொட்டியின் சிமெண்டு தோசைக்கல்லாகக் காய்ந்தது. பாதி ரீடிங் முடிந்திருந்தது.

"கிளாரன்ஸ், ரெடியா?"

"ரெடி மச்சான். வெயிலு மண்டையப் பொளக்குது. நாணு தண்ணி கொண்டாரேன்னு எறங்கிப் போனான், ஆளக் காணோம்."

அளக்கிற நேரத்தில் பேச முடியாது. சுவிட்சைத் திருப்பினால் பேச்சு அறுந்துவிடும், பச்சை வளையம் வரும். படித்துவிட்டு மறுபடி திருப்பினால் பேச்சு வரும். டென்சில் திருப்பினான், எண்ணைப் படித்தான், எழுதினான், மறுபடி பேச்சுக்குத் திருப்பினான்.

ரிசீவரில் ஒரே இரைச்சல். பெட்டியின் கோளாறு என்று நினைத்துக் குமிழைத் திருகிப் பார்த்தான். குறையவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏதோ பெரிய பிராணி மூச்சு விடுவது போல் வந்தது.

"கிளாரன்ஸ், சத்தம் ஜாஸ்தியாருக்கு. உன் பக்கம் வயர் லூசான்னு பாரு."

பதில் இல்லை.

"கிளாரன்ஸ்?"

"மச்சான்... தேனீ... ஐயோ, மச்சான்..."

அது கிளாரன்ஸின் குரல் என்று தெரிந்துகொள்ளவே டென்சிலுக்கு ஒரு கணம் ஆயிற்று. ஏதோ எதிலோ மோதிய சத்தம். பிறகு ஓர் அலறல். மனுஷன் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கனமாக எதுவோ விழுந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை, இரைச்சல் மட்டும். ரிசீவர் அங்கே வயரில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதன் வாயிலேயே பூச்சிகள் மொய்க்கிற மாதிரி, டென்சிலின் காதுக்குள் அவை இறக்கையடித்தன. அவன் தன்னையறியாமல் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினான். விலக்கியதும் அதுவே பாவம் மாதிரித் தோன்றி மறுபடி ஒட்டவைத்துக்கொண்டான்.

"கிளாரன்ஸ்! கிளாரன்ஸ்!"

வேதம் வாசிக்கிற குரல் எங்கேயோ போய்விட்டது. பெட்டியின் முகத்தில், எதிர்முனையிலிருந்து அலை வருகிறது என்று காட்டும் முள் அசையாமல் தன் இடத்தில் நின்றது. அந்தப் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல எந்த முள்ளும் இல்லை.

கீழே எட்டிப் பார்க்காமலே "சின்னப்பா! சின்னப்பா!" என்று கத்தினான். காற்று அதை வேறெங்கோ கொண்டுபோயிற்று. போய்விடலாம் என்றால், கிளாரன்ஸ் எழுந்து பேசினால் கேட்க ஆளிருக்காது. இருந்துவிடலாம் என்றால், கேட்பதைத் தவிர இங்கே செய்ய ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான் என்பது அவனுக்கே தெரியாது. கடைசியில் ரிசீவரில் வாயை வைத்து, "கிளாரன்ஸ், நான் வரேன். கேக்குதா? நான் அங்க வரேன்" என்று சொன்னான். ரிசீவரை மாட்டாமல் அப்படியே தரையில் வைத்தான்.

இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க விரல் வணங்கவில்லை, கயிற்றையே இடுப்பிலிருந்து கீழே தள்ளிக் காலை வெளியே எடுத்தான். இரும்பு ஏணி தொட்டியின் காலோடு நெட்டுக்குத்தாக இறங்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கினான். பாதியில் கால் நின்றுவிட்டது. அடுத்த படி இருக்கிறது என்று தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மேலே தரையில் கிடந்த ரிசீவரிலிருந்து இரைச்சல் இன்னும் வருவது போல் இருந்தது. அத்தனை உயரத்திலிருந்து கேட்டிருக்க முடியாது, ஆனாலும் அவனுக்குக் கேட்டது. அதன் கிட்டே திரும்பப் போவதைவிட விழுந்து தொலைக்கலாம் என்று தோன்றியது. கால் நகர்ந்தது.

ஜீப் நிழலில் கண்ணயர்ந்திருந்த சின்னப்பா பதறி எழுந்தான். "சார்! கயிறு இல்லாம எப்டி சார் எறங்கினீங்க?"

"வண்டிய எடு. ஆனேக்கல். கிளாரன்ஸத் தேனீ கொட்டிடுச்சு."

ஓசூர் ரோட்டில் ஜீப் பறந்தது. மாட்டு வண்டிகளை விலக்க சின்னப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டென்சில் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மலைத்தேனீ கொட்டி எருமையே செத்துப் போனதாக எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. எத்தனை கொட்டினால் மனுஷன் சாவான்? ஜோசஃபின் இந்நேரம் வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அவன் மனசுக்குள் ஆரம்பித்துப் பார்த்தான். ஒவ்வொரு ஆரம்பமும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. சந்தாபுரத்தில் திரும்பும்போது ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரத்தில் வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது.

குன்றின் அடிவாரத்தில் புளிய மரத்தடியில் நாணு உட்கார்ந்திருந்தான். உடம்பு சொட்டச் சொட்ட நனைந்து, முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டு கோடாகிவிட்டது. ஊர்க்காரர்கள் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மொண்டு திரும்பும்போது மேலே பாறை இடுக்கிலிருந்து கூட்டம் கிளம்பியதைப் பார்த்தானாம். பருந்து ஒன்று தேனடையைக் கொத்திக் கலைத்துவிட்டது என்றான். வேறு எதனாலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. குட்டையில் விழுந்து கழுத்தளவு தண்ணீரில் நின்று பிழைத்திருக்கிறான்.

"அவரும் பின்னாடி ஓடியாறாருன்னு நெனச்சேன் சார். திரும்பிப் பாத்தா இல்ல சார்" என்று அழுதான்.

டென்சில் குன்றை நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் பெட்டி நிற்கும் முக்காலியும் அலை வாங்கும் தட்டும் தெரிந்தன. அதைச் சுற்றிப் புகை மாதிரி ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. அது புகை இல்லை. ஆள் யாரும் தெரியவில்லை.

புல் அறுக்க வந்திருந்த ஒரு பெண்பிள்ளை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஹெஜ்ஜேனு எத்திதே. ஹொத்து முளுகோவரெகூ ஹோகபேடி." பெருந்தேனீ எழும்பிவிட்டது, பொழுது சாய்கிற வரைக்கும் போகாதீர்கள் என்று கெஞ்சினாள். இருட்டினால் அவை அடைக்குத் திரும்பிவிடும், அப்போது எல்லாருமே போகலாம் என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது நியாயம். டென்சிலின் உடம்பில் ஒவ்வோர் எலும்பும் அதைத்தான் கேட்க விரும்பியது. அதுதான் அவனைக் கலக்கியது. புத்தி சொல்கிறதா, பயம் சொல்கிறதா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளில் அந்த இரண்டும் அவனுக்கு ஒரே குரலில்தான் பேசியிருக்கின்றன. பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது. அதுவரை கிளாரன்ஸ் தாங்குவானா?

"கம்பளி இருந்தா குடுங்க" என்றான்.

சின்னப்பா தானும் வருவதாகச் சொல்லிக் கோணிச் சாக்கை எடுத்தான்.

"நீ வராத. உன் கண்ணு வீங்கிட்டா வண்டிய யாரு ஓட்டுவா? அவன யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவா?"

சின்னப்பா சாக்கைக் கிழித்தான். கம்பளியைக் குட்டையில் முக்கி டென்சிலைத் தலையோடு போர்த்தினான், கையிலும் காலிலும் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினான். கண் தெரிகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டான்.

பாறை வழுவழுவென்று செங்குத்தாக ஏறியது. டென்சில் நான்கு காலில் தவழ்ந்தான். பாதி தூரத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வந்து கம்பளியில் மோதியது, பிறகு கல்லெறிகிற மாதிரிப் படபடவென்று வந்தன. கணுக்காலில் நெருப்பு வைத்தது போல் ஒன்று. புருவத்தில் ஒன்று. கம்பளிக்குள் நுழைந்த ஒன்று காதுக்குள் கத்தியது. அவன் "ஏசுவே, ஏசுவே" என்று அழுதுகொண்டே ஏறினான். வீரம் என்று அதில் ஒன்றுமே இல்லை என்று பின்னால் அவனே சொல்வான். திரும்பி இறங்க வேண்டுமானால் கீழே பார்க்க வேண்டும், அதற்குத் துணிச்சல் இல்லாமல்தான் மேலே போய்க்கொண்டே இருந்தானாம்.

உச்சியில் ரிசீவர் வயரில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு எட்டுக்கு அப்பால், பாறை மடிப்பில், பாட்டரிக்கு நிழலாகப் போட்டிருந்த தார்ப்பாய் குவியலாகக் கிடந்தது. குவியலின் ஓரத்தில் ஒரு பூட்ஸ். டென்சில் பாயைத் தூக்கி உள்ளே தலையை நுழைத்தான்.

"யாரு?" என்றது ஒரு குரல். உதடு வீங்கி, சொல் குழறியது. ஆனால் குரல்.

"நான்தான்."

"மச்சானா? நீ எப்டி மேல வந்தே?"

டென்சில் உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டான். பாயின் விளிம்பைச் சுற்றிலும் கல் வைத்து அழுத்தி, உள்ளே வந்துவிட்ட தேனீக்களைக் கையாலேயே நசுக்கினான். கிளாரன்ஸின் முகம் முகமாக இல்லை. ஓடும்போது விழுந்து ஒரு கால் கணுக்காலில் பிசகியிருந்தது. தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்ற எண்ணத்தில்தான் டென்சில் வந்திருந்தான். பார்த்ததுமே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

"நீ கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சு மச்சான்" என்றான் கிளாரன்ஸ். "வாயத் தொறந்தா உள்ள வந்துருது. அதான் பேசல. வரேன்னியே, அதும் கேட்டுச்சு. உன்னால எங்க வர முடியும்னு நெனச்சேன்."

பாயின் மேல் தேனீக்கள் விழுவது கல்மழை மாதிரிக் கேட்டது. உள்ளே இருட்டு, புழுக்கம், தார் நாற்றம். கிளாரன்ஸ் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். பிறகு அவனுக்குத் தூக்கம் வருவது போல் ஆயிற்று. பேச்சு நடு வாக்கியத்தில் நின்றது. டென்சில் அவன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். இதுதான் போகிற தூக்கமோ? உலுக்கினான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்தது தினமும் சொல்கிற அந்த ஒரு வார்த்தைதான்.

"கிளாரன்ஸ், ரெடியா?"

கொஞ்சம் கழித்து, "ரெடி மச்சான்."

"ஏ போடு."

"போட்டாச்சு."

"பி."

"பி போட்டாச்சு."

அப்படியே சாயங்காலம் வரைக்கும். கொஞ்ச நேரம் விடுவான், மறுபடி "கிளாரன்ஸ், ரெடியா?" என்பான். பதில் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பான். ஒவ்வொரு தடவையும் பதில் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு தடவை வரவே இல்லை. டென்சில் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, கன்னத்தில் அறைந்து, "ரெடியாடா? சொல்லுடா!" என்று கத்தினான். "அடிக்காத மச்சான், வலிக்குது" என்று முனகல் வந்தபோது அவன் குலுங்கி அழுதுவிட்டான்.

பாயின் மேல் சத்தம் மெதுவாகக் குறைந்து, ஒன்றிரண்டாகி, நின்றது. விளிம்பைத் தூக்கிப் பார்த்தால் மேற்கே சிவப்பு. கீழிருந்து எரியும் வைக்கோல் கட்டுகளோடு ஊர்க்காரர்கள் ஏறி வந்தார்கள். கிளாரன்ஸைக் கம்பளியில் போட்டுத் தூக்கினார்கள். டென்சிலையும் ஒருவன் முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இறங்க அவனுக்குக் கால் வரவில்லை.

ஆனேக்கலில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஜோசஃபின் ஓடி வந்தாள். வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனைக் கடந்து போனாள். அவன் கூப்பிட்டதும் நின்று, அந்த வீங்கின முகத்தை உற்றுப் பார்த்தாள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவன் நடந்ததைச் சொன்னான். கேட்டுக்கொண்டே வந்தவள், மேலே ஏறிப் போன இடம் வந்ததும் அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஏண்ணே போனே? நீயும் போயிருந்தா எனக்கு யாருண்ணே?"

பயம் அதோடு தீரவில்லை. அடுத்த சில நாள் கிளாரன்ஸுக்கு மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போயிற்று. சிறுநீரகம் கெட்டுவிடலாம் என்றார் டாக்டர். டென்சில் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே போய்க் கட்டிலருகே நிற்கவும் பயம், வீட்டுக்குப் போகவும் பயம். பிரிஜெட் கொண்டு வந்து வைத்த சாப்பாட்டைக் காக்கைக்குப் போட்டான். ஒரு வாரம் சென்று நிறம் தெளிந்தது. டாக்டர் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தன் கணுக்கால் வலிப்பதே தெரிந்தது.

சீனிவாசராகவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பழத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு, வெளியே வந்ததும், "டென்சில், உம்மை மேஜைக்கே மாத்திடறேன்" என்றார்.

"சரி சார். தேங்க்ஸ் சார்" என்றான் டென்சில், அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே.

நாவல் மரத்து ஜன்னலுக்குத் திரும்பினான். இரண்டு மாசம் நிம்மதி. அதற்குள் அவனுக்குப் பதிலாகப் போனவனின் பேச்சு ஒருவருக்கும் புரியாமல், அளவெல்லாம் தப்பும் தவறுமாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவனையே கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னான், மூன்றாம் தடவை போனான். அதே தொம்மலூர் தொட்டி, அதே கயிறு, அதே சின்னப்பா. எதிர்முனையை வேறு குன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ரிசீவரில் புது ஆள்.

இப்போது உயரம் அவனுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. அளந்து முடித்து, சுவிட்சைப் பேச்சுக்குத் திருப்பிய பிறகு, எதிர்முனையிலிருந்து குரல் வருகிற வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற நேரம். அதில்தான் அவன் செத்துப் பிழைத்தான். தினமும் பலமுறை, பல வருஷம். எதிர்முனைக்காரன் தும்மிவிட்டுப் பதில் சொல்லத் தாமதித்தால்கூட இவன் எழுந்து நின்றுவிடுவான். "கேட்ட உடனே பதில் சொல்லணும், லேட் பண்ணாத" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுவான். அவர்கள் சிரிப்பார்கள். கிளாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. குணமானவன் மலைப்பக்கம் தலைவைக்காமல் வரைபடப் பிரிவுக்கே போய்விட்டான், அரை மணிக்கு மேல் நாற்காலியில் உட்காரவும் பழகிக்கொண்டான்.

அறுபத்தொன்பதில் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து ஆபீஸ் மைதானத்தில் செய்து காட்டினார்கள். இதில் ரேடியோ இல்லை. லேசர் என்று ஒரு வெளிச்சம், ஊசி மாதிரி நேராகப் போகிற சிவப்புக் கோடு. எதிரே ஒரு சட்டத்தில் பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டிகளைப் பொருத்தி வைத்திருந்தார்கள். வெளிச்சம் அதில் பட்டு வந்த வழியே திரும்பும், இந்த முனையிலேயே தூரம் தெரியும். இளம் இன்ஜினியர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து டென்சில் கையைத் தூக்கினான்.

"எதிர்முனையில யாரு சார் இருப்பா?"

"யாரும் வேணாம். கண்ணாடிய வெச்சுட்டு எறங்கி வந்துடலாம்."

"சுவிட்ச் மாத்த? பேச?"

"அதான் வெறும் கண்ணாடியாச்சே. அதுகிட்ட என்ன பேசறது?"

டென்சில் உட்கார்ந்தான். மறுபடி எழுந்து, "அங்க ஆளே நிக்க வேணாமா சார்?" என்று கேட்டான். இன்ஜினியர் வேண்டாம் என்று அலுப்போடு சொன்னார்.

சாயங்காலம் அவன் சைக்கிளை வீட்டுக்கு விடாமல் தங்கை வீட்டுக்கு விட்டான். கிளாரன்ஸ் பனியனோடு மகளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். டென்சில் முழுவதையும் சொன்னான், சிவப்புக் கோட்டைக் கையால் காற்றில் இழுத்தும் காட்டினான். ஜோசஃபின் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உன் வேல போச்சா மச்சான்?" என்றான் கிளாரன்ஸ்.

"போச்சு. இனிமே கீழ மேஜை."

"பேசறதுக்கு ஆளில்லாம போரடிக்குமே."

"அடிக்கட்டும்" என்றான் டென்சில். ஜோசஃபின் தட்டில் தோசையைப் போட்டாள். அவன் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.